ஜீப்பின் முன் இரும்பு பம்பர் கவசமா, ஆபத்தா? பாலக்காடு, இடுக்கி எல்லைச் சாலைகளில் தீராத சிக்கல்

பாலக்காடு / இடுக்கி:

தமிழகத்திலிருந்து வாளையார், ஆனைகட்டி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரள மலைப்பகுதிகளுக்குச் செல்லும் நான்கு சக்கர இயக்க வாகனங்களில், நிறுவனம் பொருத்திய பம்பரை அகற்றிவிட்டு கனமான இரும்பு பம்பரைப் பொருத்தும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. இத்தகைய பம்பர்கள் சட்டவிரோதமானவை என மத்திய அரசு 2017-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. வாகனத்தின் வடிவமைப்பை மாற்றக் கூடாது என உச்ச நீதிமன்றமும் 2019-இல் தீர்ப்பளித்தது. இருந்தும் பட்டறைகளில் இவற்றின் விற்பனையும் பொருத்துதலும் தொடர்கின்றன.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. தமிழகத்துடனான நீண்ட எல்லையும், அந்த எல்லையைக் கடந்து தினமும் நடைபெறும் போக்குவரத்துமே இரண்டுக்கும் பொதுவானவை. கோவை, திருப்பூர், தேனி மாவட்டங்களிலிருந்து சுற்றுலாப் பயணிகளும், ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், விளைபொருள் வாகனங்களும் இச்சாலைகளையே நம்பியுள்ளன. எனவே, முன் பம்பர் பற்றிய இந்தச் சர்ச்சை வாகன ஆர்வலர்களின் பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. சாலையோரம் நடந்து செல்வோரின் உயிரும் வாகனத்துக்குள் அமர்ந்திருப்போரின் உயிரும் இதில் அடங்கியுள்ளன.

சட்டம் கூறுவது என்ன?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. இதன் அடிப்படையில், மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று அனைத்து மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பியது. அனுமதியின்றிப் பொருத்தப்படும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவை 52-ஆவது பிரிவுக்கு முரணானவை எனவும், அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் எனவும் அக்கடிதத்தில் குறிப்பிடப்பட்டிருந்தது.

இவ்விவகாரத்தில் முக்கியத் திருப்பமும் கேரளத்திலிருந்தே வந்தது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரி தொடர்புடைய வழக்கில், வாகனத்தின் அமைப்பில் மாற்றம் செய்ய இடமளித்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது எனவும், மாநில விதிகள் 52-ஆவது பிரிவுக்குக் கட்டுப்பட்டவையே எனவும் தெளிவுபடுத்தியது.

அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 182ஏ பிரிவு புதிதாக மாற்றியமைக்கப்பட்டது. அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இப்பிரிவு வழிசெய்கிறது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொற்கள் இங்கு கவனிக்கத்தக்கவை. இரும்பு பம்பர், அதன் மேல் எல்இடி விளக்குப் பட்டை, அகலமான சக்கரங்கள் என மூன்று மாற்றங்கள் இருப்பின் அபராதம் 15,000 ரூபாயாகிறது.

பட்டறை உரிமையாளர்கள் பலர் கவனிக்காத ஓர் அம்சமும் இச்சட்டத்தில் உள்ளது. விதிகளுக்கு மாறாக வாகனத்தை விற்கும் அல்லது மாற்றியமைக்கும் ‘டீலர்’ மீது வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ விதிக்க இதே பிரிவில் இடமுண்டு. ‘டீலர்’ என்ற சொல்லுக்கு இச்சட்டம் தரும் விளக்கத்தில், வாகனங்களுக்கு பாடி கட்டுவோரும் வாகனங்களைப் பழுதுபார்ப்போரும் அடங்குவர். பம்பரைப் பொருத்தித் தரும் பட்டறையும் சட்டத்தின் பார்வையிலிருந்து விலகி நிற்கவில்லை என்பதே இதன் பொருள்.

கேரளத்தில் கெடுபிடி அதிகரித்த பின்னணி

2021 ஆகஸ்டில் கண்ணூரைச் சேர்ந்த யூடியூப் பதிவர்களான சகோதரர்கள் இருவரின் மாற்றியமைக்கப்பட்ட வேனை மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியது. அப்போது ஆர்டிஓ அலுவலகத்தில் ஏற்பட்ட மோதல் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. 2022 மே மாதத்தில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடைபெற்ற ஆஃப்-ரோடு நிகழ்ச்சி, அதில் திரைப்பட நடிகர் ஒருவர் பங்கேற்றதால் சர்ச்சைக்குள்ளானது. மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பி விசாரணை மேற்கொண்டது. 2024-இல் கேரள உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மாற்றியமைக்கப்பட்ட வாகனங்கள் மீதும், அவற்றைக் காணொளிகளில் விளம்பரப்படுத்துவோர் மீதும் கடும் நடவடிக்கை எடுக்குமாறு அடுத்தடுத்து உத்தரவிட்டது.

இடுக்கியில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. சுற்றுலா ஜீப் விபத்துகளைத் தொடர்ந்து, 2025 ஜூலையில் மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்கும் ஆஃப்-ரோடு பயணங்களுக்கும் தடை விதித்தது. பின்னர் பாதுகாப்பு நிபந்தனைகளுடன் அவை படிப்படியாக அனுமதிக்கப்பட்டன. வாகனத்தின் தகுதி, ஓட்டுநரின் அனுபவம், ஏற்றப்படும் பயணிகளின் எண்ணிக்கை ஆகியவை அதன்பின் கூர்ந்து கவனிக்கப்படுகின்றன.

தேவை பொய்யானது அல்ல

இரும்பு பம்பரைப் பொருத்துவோர் அனைவரும் தோற்றத்துக்காக மட்டுமே செய்கின்றனர் எனக் கூறிவிட முடியாது. கொழுக்குமலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் உள்ளது. வாகனத்தில் செல்வதற்கான பாதையோ இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியிலிருந்து தொடங்குகிறது. கற்கள் பெயர்ந்த அந்தப் பாதையில் ஜீப் தவிர வேறு வாகனம் செல்வதில்லை. நெல்லியாம்பதி, அட்டப்பாடி மலைகளின் உட்புறத்திலும் இத்தகைய தோட்டப் பாதைகள் உள்ளன.

இப்பாதைகளில் முன் பம்பரின் வடிவத்துக்கு உண்மையான பயன் உண்டு. செங்குத்தான மேட்டில் ஏறத் தொடங்கும்போது சக்கரம் தரையைத் தொடும் முன்பே பம்பரின் கீழ் விளிம்பு பாறையில் இடித்துவிடக் கூடாது. முன்சக்கரத்துக்கும் பம்பரின் கீழ் விளிம்புக்கும் இடைப்பட்ட இந்த ஏறுகோணம், மாருதி ஜிம்னியில் 36 டிகிரி ஆகும். பக்கங்களில் குறுகலாகவும் கீழ்ப்புறம் உயர்ந்தும் அமைந்த இரும்பு பம்பர் இக்கோணத்தைக் கூட்டுகிறது. சேற்றில் சிக்கிய வாகனத்தை வெளியே இழுக்கும் வின்ச் கருவியைத் தாங்கவும், இழுவைக் கயிற்றை மாட்டும் கொக்கியைப் பொருத்தவும் உறுதியான தாங்குதளம் தேவை. பிளாஸ்டிக் பம்பர் அதற்குப் பயன்படாது.

பழக்கமும் ஒரு காரணம். மலைச் சாலைகளில் பல பத்தாண்டுகளாக ஓடிவரும் பழைய ஜீப்புகள் தொழிற்சாலையிலிருந்தே தடித்த இரும்புப் பட்டை பம்பருடன் வந்தவை. அவற்றில் ஏர்பேக் கிடையாது. மோதலின்போது நசுங்கி விசையை உள்வாங்கும் முன்பகுதி வடிவமைப்பும் இல்லை. ‘இரும்பு கனத்தால் உயிர் தப்பும்’ என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறை வாகனங்களோடு வளர்ந்தது. புதிய வாகனங்களுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது என்பதே இன்றைய சிக்கலின் மையம்.

பொருத்தும்போது மாறுவது என்ன?

இரும்பு பம்பரைப் பொருத்த முதலில் நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறை கழற்றப்படுகிறது. பல நேரங்களில் அதன் பின்னால் உள்ள விசையுறிஞ்சும் நுரைப் பகுதியும் குறுக்கு உத்திரமும் சேர்த்தே அகற்றப்படுகின்றன. அதன்பின் சேசிஸ் தண்டுகளின் முனைகளில் தடித்த தகடுகள் போல்ட் மூலம் இறுக்கப்பட்டு, அவற்றின் மீது பம்பர் அமர்த்தப்படுகிறது. மோதலின் விசை இனி நசுங்கும் பகுதியைக் கடக்காமல் நேரடியாகச் சேசிஸுக்கும், அங்கிருந்து உள்ளே இருப்பவர்களின் உடலுக்கும் செல்கிறது.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் தடுப்பு ஒன்றில் மோதி, முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது எனக் கொள்வோம். உள்ளே இருப்பவர் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையை உணர்வார். முன்பகுதி விறைத்து, நசுங்கும் தூரம் 30 சென்டிமீட்டராகக் குறைந்தால், அந்த விசை 32 மடங்குக்கு மேல் உயரும். வாகனத்தின் முகப்பு சேதமின்றி இருப்பதும் பயணி சேதமின்றி இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த எளிய கணக்கு காட்டுகிறது.

ஏர்பேக் விஷயம் இன்னும் நுட்பமானது. ஓட்டுநர் இருக்கைக்கு 2019 ஜூலை முதலும், புதிய மாடல்களில் முன்னிருக்கைப் பயணிக்கு 2021 ஏப்ரல் முதலும் ஏர்பேக் கட்டாயமாக்கப்பட்டது. மோதலின் தன்மையை உணரிகள் அளந்து, சில பத்து மில்லி விநாடிகளுக்குள் காற்றுப் பையை விரிக்க வேண்டுமா என்பதை மின்னணுக் கருவி முடிவு செய்கிறது. அந்த முடிவுக்கான அளவீடுகள், நிறுவனத்தின் பம்பர் நசுங்கும் விதத்தை அடிப்படையாகக் கொண்டவை. முகப்பின் விறைப்பு மாறினால், பை தாமதமாக விரியலாம், தேவையற்ற நேரத்தில் விரியலாம், விரியாமலேயும் போகலாம். பட்டறையில் பொருத்தப்படும் பம்பருடன் அந்த வாகனம் எந்த மோதல் சோதனைக்கும் உட்படுத்தப்படுவதில்லை.

புதிய மாடல்கள் 2017 அக்டோபர் முதல் மணிக்கு 56 கிலோமீட்டர் வேக முன்புற மோதல் சோதனையில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது கட்டாயம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டத்தில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்து நட்சத்திரத் தரம் வழங்கப்படுகிறது. அந்த நட்சத்திரங்களைப் பார்த்து வாகனம் வாங்குபவர், பம்பரை மாற்றிய நாளிலேயே அத்தரத்தின் உறுதியை இழந்துவிடுகிறார்.

எடையும் கவனத்துக்குரியது. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து, முன்சக்கரங்களுக்கும் முன்னால், ஓர் ஆளின் எடைக்கு மேல் கூடுதல் சுமையாகத் தொங்குகின்றன. முன் ஸ்பிரிங்குகள் தாழ்கின்றன. முகப்பு விளக்குகளின் ஒளிக்கோணம் மாறுகிறது. இறக்கத்தில் பிரேக்கின் மீதான சுமை கூடுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த போடிமெட்டுச் சாலையில் இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

நடந்து செல்வோரின் நிலை

வாகனத்துக்குள் இருப்பவர் தாமே தேர்ந்தெடுத்த ஆபத்தைச் சுமக்கிறார் என வாதிடலாம். சாலையில் நடப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையின்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், பாதசாரிகள்.

இன்றைய வாகனங்களின் பம்பர், முகப்பு மூடி ஆகியவை பாதசாரியின் கால், இடுப்பு, தலை ஆகியவற்றில் ஏற்படும் அடியைக் குறைக்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. அதற்கென ஏஐஎஸ்-100 என்ற இந்தியத் தரநிலையும் உள்ளது. முனைகள் கூர்மையான இரும்புக் குழாயோ தகடோ அந்த இடத்துக்கு வரும்போது, எலும்பு முறிவோடு தப்பியிருக்கக்கூடியவர் உயிரிழக்க நேரிடலாம். உயரமான ஜீப்பின் பம்பர் பெரியவருக்குத் தொடையளவு என்றால், பள்ளிக் குழந்தைக்கு மார்பளவு அல்லது தலையளவு.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் நடைபாதை என்பது அரிது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் மாணவர்களும் தார்ச்சாலையின் விளிம்பிலேயே நடக்கின்றனர். மூடுபனி இறங்கும் மாலையில், பம்பரில் பொருத்திய கூடுதல் விளக்குகளின் ஒளி எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்வது மேலும் ஓர் ஆபத்து.

காட்டு விலங்குகள்: பாதுகாப்பு என்ற நம்பிக்கை

இரும்பு பம்பருக்கு ஆதரவாக எல்லைப் பகுதிகளில் கூறப்படும் வலுவான வாதம் காட்டு விலங்குகள். சின்னாறு, பரம்பிக்குளம், வாளையார் வனப்பகுதிகளை ஒட்டிய சாலைகளில் காட்டுப்பன்றி, கடமான், காட்டுமாடு ஆகியவை குறுக்கிடுவது வழக்கம். சிறிய விலங்கு மோதும்போது ரேடியேட்டரைக் காப்பாற்ற இரும்பு பம்பர் உதவும் என்பது உண்மை. ஆளற்ற காட்டுச் சாலையில் வாகனம் நின்றுபோகாமல் இருப்பதும் பாதுகாப்புதான்.

ஆனால், ஒரு டன் எடையை எட்டக்கூடிய காட்டுமாட்டின் மீதோ, யானையின் மீதோ மோதும்போது நிலைமை வேறு. விலங்கின் உடல் பம்பருக்கு மேல் உயர்ந்திருப்பதால் முகப்பு மூடி வழியாகக் கண்ணாடியை நோக்கியே வரும். அங்கு உயிரைக் காப்பவை குறைந்த வேகமும், இருக்கைப் பட்டையும், சரியான நேரத்தில் விரியும் ஏர்பேக்கும். இரவில் சில வனச் சாலைகள் மூடப்படுகின்றன; மற்றவற்றில் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது.

பிற நாடுகள் கண்ட வழி

இதே கேள்வியை எதிர்கொண்ட நாடுகள் முழுத் தடை, முழு அனுமதி ஆகிய இரண்டுக்கும் இடையில் ஒரு வழியைத் தேர்ந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் வாகன முன்புறக் காப்பு அமைப்புகளுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. பாதசாரிக்கான மோதல் சோதனையில் தேறும் அமைப்புகளே விற்கப்படலாம் என்ற நிலை உருவாகி, விறைப்பான இரும்புக் குழாய்கள் சந்தையிலிருந்து விலகின. கங்காரு போன்ற விலங்குகள் சாலையில் குறுக்கிடும் ஆஸ்திரேலியாவில் இத்தகைய பம்பர்களுக்கு அனுமதி உண்டு. எனினும் அவற்றின் வடிவத்துக்கு 2002-ஆம் ஆண்டு முதல் தேசியத் தரநிலை உள்ளது. ஏர்பேக் உள்ள வாகனங்களில் அதன் செயல்பாட்டைக் கெடுக்காத பம்பர்களையே பொருத்த வேண்டும்.

இந்தியாவில் அத்தகைய தரநிலை இல்லை. சோதிக்கப்பட்ட பம்பர், சோதிக்கப்படாத பம்பர் என்ற பிரிவே இல்லாததால், வின்ச் தாங்கும் பயன்பாட்டுப் பொருளும் அலங்காரத்துக்கான இரும்புக் குழாயும் ஒரே குற்றமாகின்றன. தேவை உள்ளவர் சட்டப்படி வாங்குவதற்கு ஒரு பொருளும் இல்லை. விற்பவருக்குத் தரத்தை உயர்த்த ஒரு காரணமும் இல்லை. சோதனையின்போது கழற்றுவதும் பின்னர் மீண்டும் பொருத்துவதுமாக இது தொடர்வதற்கு இந்த வெற்றிடமே முக்கியக் காரணம்.

எல்லையில் எழும் குழப்பம்

கேரளத்தில்தான் கெடுபிடி, தமிழகத்தில் இல்லை என்ற எண்ணம் வாகன உரிமையாளர்களிடையே உள்ளது. மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் 52, 182ஏ ஆகிய பிரிவுகள் இரு மாநிலங்களுக்கும் ஒன்றே. நடைமுறைப்படுத்தும் வேகத்தில் மட்டுமே வேறுபாடு உண்டு. தமிழகப் பதிவெண் கொண்ட வாகனத்துக்குக் கேரளத்தில் விதிக்கப்படும் இ-செலான், நாடு தழுவிய தரவுத்தளத்தில் பதிவாகி உரிமையாளரைப் பின்தொடரும். வாகனம் எந்த அதிகார வரம்புக்குள் உள்ளதோ, அங்குள்ள அதிகாரியே பதிவை இடைநிறுத்தவும் சட்டத்தில் இடமுண்டு.

காப்பீட்டிலும் சிக்கல் எழக்கூடும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்யப்பட்ட மாற்றம், சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு கோரும்போது தகராறுக்கு வழிவகுக்கும். வாடகை ஜீப் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு ஒரே விபத்தில் வாகனமும் இழப்பீடும் சேர்ந்து பறிபோகும் நிலை இது.

முன்னுள்ள வழி

வாகனத்தில் பின்னர் பொருத்தும் கருவிகளைச் சட்டம் முற்றிலுமாக மறுக்கவில்லை. சிஎன்ஜி, எல்பிஜி எரிவாயு மாற்றுக் கருவிகள் இதற்கு முன்மாதிரி. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற கருவியை, உரிய மையத்தில் பொருத்தி, ஆர்சி புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வழி உள்ளது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்களிடம் மோதல் சோதனை வசதியும் உண்டு. மாடல் வாரியாகச் சோதிக்கப்பட்டு, ஏர்பேக்குடனும் பாதசாரிப் பாதுகாப்புடனும் ஒத்துப்போகும் முன் பம்பருக்கு இதே முறையில் ஒரு தரநிலை வகுக்க இயலும். அதற்கான முடிவு மத்திய அமைச்சகத்தின் கையில் உள்ளது.

அதுவரை, பொதுச் சாலையில் ஓடும் வாகனத்துக்கு நிறுவனத்தின் அசல் பம்பரே சட்டப்படியும் அறிவியல்படியும் பாதுகாப்பானது. இழுவைக் கொக்கி தேவைப்படுவோர் தயாரிப்பு நிறுவனம் அந்த மாடலுக்கென அளித்த இழுவைப் புள்ளிகளைப் பயன்படுத்தலாம். தனியார் நிலங்களில் நடைபெறும் போட்டிகளுக்கென மாற்றியமைத்த வாகனத்தை, சாலையில் ஓட்டாமல் வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்வதே முறை. ஏற்கெனவே இரும்பு பம்பர் பொருத்தியவர்கள் அதை அகற்றும்போது, முன்பு கழற்றிய குறுக்கு உத்திரமும் நுரைப் பகுதியும் மீண்டும் அதே இடத்தில் பொருத்தப்படுகின்றனவா என்பதை உறுதி செய்வது அவசியம். உறையை மட்டும் மாட்டினால் தோற்றம் திரும்பும், பாதுகாப்பு திரும்பாது.

அபராதம் மட்டும் இப்பழக்கத்தை நிறுத்தவில்லை என்பதை 2017-க்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டுகின்றன. தேவை உள்ளவருக்குச் சோதிக்கப்பட்ட ஒரு மாற்று கிடைக்கச் செய்வதும், தேவையற்றவர் தோற்றத்துக்காகப் பொருத்துவதைத் தடுப்பதும் ஒருசேர நடந்தால் மட்டுமே, எல்லை மலைச் சாலைகளில் நடப்போருக்கும் பயணிப்போருக்கும் உண்மையான பாதுகாப்பு கிடைக்கும்.